காம்பரில் வந்த சம்பந்தி

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிற செல்வராசா ஒரு சாப்பாட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய புகழ்ச்சி "தின்னலாம்" என்பது. அந்தச் சொல்லைக்கூட அவர் தன் சொந்தச் சமையலுக்கு மட்டும்தான் செலவழித்தார். ஊரார் சமைத்த மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே தீர்ப்புத்தான் இருந்தது. "உப்புக் காணாது."

உண்மையில் உப்புக் காணுமா காணாதா என்று ஒருவரும் ஆராய்ந்தது கிடையாது. பலெர்மோத் தமிழரின் கலியாணவீடோ, சாமத்தியவீடோ, கோயில் அன்னதானமோ எதுவாக இருந்தாலும், செல்வராசா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, நடுவிரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, மண்டபத்துக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். சமைத்தவன் அந்த நேரம் மூச்சு விடமாட்டான். செல்வராசா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, செத்தவீட்டில் கதைக்கிற குரலில் தீர்ப்பைச் சொல்லுவார். பிறகு அதே கோப்பையை மிச்சம் மீதி இல்லாமல் வழித்துத் தின்பார். உப்பில்லாததைத் தின்று கொடுப்பது தான் சமூகத்துக்குச் செய்கிற உபகாரம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

பலெர்மோ நகரமும் அவரிடமிருந்து தப்பவில்லை. தெருமூலையில் விற்கிற பனெல்லேயைக் கண்டால், "கடலைமாவை அவிச்சு, பொரிச்சு, பிறகு அதைப் பாணுக்கை வைச்சுத் தின்னுதுகள். மாவுக்கை மாவு" என்பார். மண்ணீரலைப் பாணுக்குள் வைத்துத் தருகிற கடையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார். அரஞ்சீனா என்ற சோற்று உருண்டை மீதுதான் ஆகக் கூடின வெறுப்பு. "சோத்தைக் குழைச்சு உருட்டிப் பொரிக்கிற சனத்துக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? சோறு கண்டறியாததுகள்." சொல்லிக் கொடுக்கும்படி அவரை ஒருவரும் கேட்கவில்லை என்பது அவருக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

தொழிலும் சமையல்தான். ஒரு கிழட்டு வக்கீலின் வீட்டில் காலை போய்ப் பின்னேரம் திரும்புகிற வேலை. அங்கே பாஸ்தா அவிப்பார், மீன் சுடுவார், இரண்டையும் வெறுப்போடு பரிமாறுவார். அந்த வெறுப்பைப் பெரிய இடத்துச் சமையற்காரருக்கே உரிய கம்பீரம் என்று நினைத்து, வக்கீல் வருகிற போகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்ளுவார். ஆக, இந்த உலகத்தில் செல்வராசாவுக்கு எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது, மகள் வாயைத் திறக்கும்வரை.

துசானி அவருக்கு ஒரே பிள்ளை. பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள், மருந்துக்கடையில் வேலை, தமிழைச் சிசிலிக்காரரின் இழுவையோடு கதைப்பாள். அவள் ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, தான் கட்டினால் மத்தேயோவைத்தான் கட்டுவேன் என்றாள். மத்தேயோ துறைமுகப் பக்கத்துக் கராச் ஒன்றில் காம்பர் திருத்துகிற மெக்சிக்கோப் பொடியன். காம்பர் என்றால் அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாவற்றையும் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு ஓடுகிற வாகனம். லீவு நாளில் வீட்டையும் தூக்கிக்கொண்டு திரிய விரும்புகிற சனத்துக்காகச் செய்தது.

"மெக்சிக்கோவோ? அது எங்கை கிடக்கு?" என்றார் செல்வராசா.

"அமெரிக்காவுக்குக் கீழை, அப்பா."

"இத்தாலிக்காரன் எண்டாலும் பரவாயில்லை. இவ்வளவு காலம் அவங்கடை கோப்பை கழுவியிருக்கிறம், ஆக்களைத் தெரியும். இவை ஆர், எவர்? என்ன தின்னுற ஆக்கள்?"

மனிதரை அளக்க அவர் கைவசம் இருந்த கோல் அது ஒன்றுதான்.

"சோளம், அப்பா. சோளம், பீன்ஸ், மிளகாய்."

"மாட்டுத் தீன்," என்றார் செல்வராசா.

துசானி அழவுமில்லை, கத்தவுமில்லை. அதுதான் அவருக்குக் கரைச்சலாக இருந்தது. "நீங்கள் ஓம் எண்டால் செய்வன் அப்பா. இல்லையெண்டால் செய்யேல்லை. ஆனால் வேறை ஒருத்தரையும் கொண்டுவந்து காட்டாதேங்கோ, நான் இப்பிடியே இருந்திடுவன். வாற மாசம் அவரின்ரை அம்மா வாறா. கராச்சிலை ஒரு காம்பர் குடுக்கினமாம். சனி ஞாயிறு எல்லாரும் ஒண்டாய்ப் போட்டு வருவம். பாருங்கோ, பழகுங்கோ. பிறகு சொல்லுங்கோ."

"பிள்ளை ஞாயமாய்த்தானே கேக்குது," என்றாள் செல்வராசாவின் மனைவி அம்பிகை.

"பாக்கிறன்," என்றார் செல்வராசா. அந்தச் சொல்லின் அடியில் ஒரு திட்டம் படுத்துக் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் வீடோ, மாப்பிள்ளை வீடோ, போன இடம் மனதுக்குப் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாழைப்பழம்கூட உரிக்கமாட்டார்கள். "இப்பதான் சாப்பிட்டு வந்தனாங்கள்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். வாயால் இல்லை என்று சொல்லி ஒருவரையும் நோகடிக்க வேண்டியதில்லை. தொடாத கோப்பையைப் பார்த்தாலே வீட்டுக்காரருக்கு விளங்கும். செல்வராசாவும் அப்படித்தான் செய்யப்போகிறார். காம்பரில் ஏறுவார், சிரிப்பார், அவர்கள் நீட்டுகிற எதையும் தொடாமல் இறங்கி வருவார். மகளுக்கு எதிராக ஒரு சொல்லும் சொன்னதாக இராது. வழக்கம் பார்த்துக்கொள்ளும்.

"அவைக்கு உந்த வழக்கம் தெரியுமே?" என்று அம்பிகை கேட்டாள்.

"தெரியாட்டி அது அவையின்ரை அறிவு."

"அப்ப ரண்டு நாளும் என்னத்தைத் தின்னப்போறியள்?"

"என்ரை சாப்பாட்டை நான் கட்டிக்கொண்டு போறன்."

"நீங்களே அவிச்சுக் கட்டுங்கோ. நான் அவை தாறதைச் சாப்பிடுவன்."

"நீர் சாப்பிடலாம். தேப்பன் கை நனைச்சால்தான் கணக்கு."

"ஓமோம். பெத்தது நான், கணக்கு உங்கடை."

சனிக்கிழமை காலை காம்பர் வந்து சீசாத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு பஸ் நின்று குழறியது. கீழ்வீட்டு லூர்து, மன்னார்க்காரர், வாசலில் பல் தீட்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்க வீட்டோடையே வந்திட்டினமோ?"

"நான்தான் பாக்கப் போறன் லூர்து. பாத்திட்டு இறங்கிடுவன்."

காம்பரின் கதவைத் திறந்துகொண்டு மத்தேயோவின் தாய் எலோடியா இறங்கினாள். கட்டையான, அகலமான மனுசி. இரட்டைப் பின்னலில் சிவப்பு நாடா. மெக்சிக்கோவில், வாஹாக்கா என்ற ஊரில், சந்தைக்குள் அவளுக்குச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது என்று துசானி சொல்லியிருந்தாள். அவள் செல்வராசாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்த பார்வை, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவளின் பார்வை. செல்வராசாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் அப்படிப் பார்ப்பதுதான் வழக்கம். அவரை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

"வணக்கம் மாமா," என்றான் மத்தேயோ.

"ஆர் இவருக்கு மாமா?" என்று செல்வராசா மகளைக் கேட்டார்.

"நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"குடுத்ததைத் திருப்பி வாங்கு."

உள்ளே ஏறியதும் அவருடைய வெறுப்புக்கு நல்ல தீனி கிடைத்தது. அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைதான். "ரண்டு அடி தள்ளிச் சமைக்கிறதும் கழிக்கிறதும். இதிலை ஏறி உலகம் சுத்துறதாம்," என்று அம்பிகையின் காதுக்குள் சொன்னார். அம்பிகை யன்னலோரம் இடம் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் நின்ற இடம் சியாகுல்லி. பிந்திக் காய்க்கிற மந்தரீன் தோடை மரங்கள் பாதையின் இரண்டு பக்கமும் பழத்தோடு நின்றன. மத்தேயோ ஒரு தோட்டச் சுவரோரம் காம்பரை நிறுத்தினான். எலோடியா கத்தியோடு இறங்கி, சுவரை ஒட்டி வளர்ந்திருந்த நாகதாளியின் இளம் மடல்களை வெட்டி, முள்ளைச் சீவத் தொடங்கினாள்.

"இஞ்சேரும் அம்பிகை, ஓடி வாரும்! நாகதாளியை வெட்டுறா. எங்கடை ஊரிலை ஆடும் அதைத் திரும்பிப் பாராது."

எலோடியா அதை நீட்டு நீட்டாக அரிந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கினாள். மிளகாய் மணம் காம்பரை நிறைத்தது. செல்வராசாவுக்குத் தும்மல் வந்தது. வாயிலும் ஏதோ ஊறியது. அதைத் தும்மலின் கணக்கில் எழுதிவிட்டார். சோளமா ரொட்டி ஒன்றுக்குள் கறியைச் சுருட்டி, கோப்பையில் வைத்து, எலோடியா அவரிடம் நீட்டினாள்.

செல்வராசா வயிற்றைத் தடவி, "ஜா மஞ்ஜாத்தோ" என்றார். ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்று இத்தாலியனில் அர்த்தம். சொன்ன கையோடு காம்பரின் படியில் குந்தி, தன் பெட்டியைத் திறந்து, புட்டையும் சம்பலையும் குழைத்துத் தின்னத் தொடங்கினார். எலோடியா நீட்டிய கோப்பையோடு கொஞ்சநேரம் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

"உறைப்பு நல்லாயிருக்கு," என்றாள் அம்பிகை, வாய் நிறைய. "வெண்டிக்காய் மாதிரி ஒரு வழுவழுப்பு."

"நத்தையும் வழுவழுப்புத்தான்."

குடிக்க ஒரு சிவப்புத் தண்ணீர் வந்தது. துசானி அது செவ்வரத்தம்பூ அவித்தது என்றாள். "பிள்ளையாருக்கு வைக்கிற பூவைச் சீனி போட்டுக் குடிக்கினம்," என்றார் செல்வராசா. "கேட்டால் இதுகும் ஒரு நாகரிகம்."

மத்தியானம் பகேரியாவில், ஒரு பழைய மாளிகையின் மதில் நிழலில், எலோடியா கோழி சமைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கரிய விழுதைக் கரைத்து அதற்குள் விட்டாள். சுட்ட மிளகாய், எள்ளு, வாசனைச் சரக்கு, கடைசியில் சொக்கிலேட் என்று துசானி ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாள். மோலே என்று அதற்குப் பெயர். அவர்களுடைய கலியாண வீட்டுச் சாப்பாடு அதுதான்.

"கோழிக்குச் சொக்கிலேட்டோ? ஏன், கோழிக்கு இண்டைக்குப் பிறந்தநாளோ?" செல்வராசா சட்டியை எட்டிப் பார்த்தார். குழம்பு தார் மாதிரி மினுங்கியது. "அடிப்பிடிச்சுப் போச்சுதெண்டால் கொட்டவேணும். பேர் வைச்சுப் பரிமாறக்கூடாது."

"அப்பா, அவாவுக்கு விளங்கும். முகத்தைப் பாத்தாலே விளங்கும்."

"விளங்கட்டும்."

பின்னேரம் கடற்கரையில் காம்பர் நின்றபோது எலோடியா ஒரு சின்னப் பையைத் திறந்தாள். உள்ளே வறுத்த வெட்டுக்கிளி. துசானி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டதைக் கண்டதும் செல்வராசா துள்ளி எழும்பினார்.

"பிள்ளை, துப்பு! துப்பு எண்டுறன்!"

"கூனி றால் மாதிரித்தான் அப்பா இருக்கு."

"கூனி கடலிலை கிடக்கு. இது புல்லிலை கிடக்கு. வித்தியாசம் தெரியாதே?"

எலோடியா மகனிடம் ஏதோ கேட்டாள், மகன் துசானியிடம் கேட்டான். அப்பாவுக்கு வருத்தம் ஏதுமா? துசானி தலையைக் குனிந்துகொண்டு, வயிற்றுக் கோளாறு என்று பொய் சொன்னாள். எலோடியாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. எழும்பிப்போய், அரிசியும் பாலும் கறுவாவும் போட்டு ஒரு கஞ்சி காய்ச்சினாள். வருத்தக்காரருக்கென்று தனியாகக் காய்ச்சி, பேணியில் ஊற்றி, ஆற்றி, அவர் முன்னால் வைத்தாள். செல்வராசா நன்றி என்று தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். கஞ்சியில் ஆடை படிந்தது. கடைசியில் எலோடியா தானே பேணியை எடுத்து, கழுவும் தொட்டியில் ஊற்றினாள். மத்தேயோ அதைப் பார்க்காதது போல் சில்லுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

"அந்தக் கஞ்சியை நீங்கள் குடிச்சிருக்கலாம்," என்றாள் அம்பிகை மெதுவாக.

"ஒரு மிடறு குடிச்சாலும் குடிச்சதுதான்," என்றார் செல்வராசா.

ஞாயிறு காலை அவர் பெட்டியைத் திறந்தார். காம்பருக்குள் மூடிக்கிடந்த சூட்டில் புட்டு புளித்துப்போய் நூல் விட்டிருந்தது. தேங்காய்ப்பூப் போட்ட புட்டு இரண்டாம் நாளுக்கு நில்லாது என்பது சமையற்காரர் செல்வராசாவுக்குத் தெரியாததல்ல. அவமதிக்கிற அவசரத்தில் அதை மறந்துவிட்டார். வெளியே நெருப்பில் சோள ரொட்டி வாட்டுகிற மணம். அவர் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டு, விரதகாரரின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில், பகேரியா ஸ்டேசனுக்குப் பக்கத்தில், தண்ணீர் நிரப்ப மத்தேயோ காம்பரை நிறுத்தினான். செல்வராசா ஒரு ரெலிபோன் கோல் எடுக்கவேண்டும் என்று சொல்லி இறங்கி, மூலை திரும்பி, முதலில் கண்ட கோப்பிப் பாருக்குள் நுழைந்தார். நுழைந்து, இத்தனை வருடமாகப் பலெர்மோவில் வாய்க்கு வந்தபடி ஏசிய அரஞ்சீனாவை வாங்கி, நின்றபடியே கடித்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. சோறு கண்டறியாத சனத்தின் அந்தச் சோற்று உருண்டையை அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கண்ணைத் திறந்தபோது, கோப்பி குடிக்க வந்த எலோடியா பக்கத்தில் நின்றாள். அவருடைய மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவள் அந்தப் பருக்கையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், கோப்பியைக் குடித்தாள், போய்விட்டாள்.

கடையில் வாங்கினது கணக்கில்லை என்று செல்வராசா தன்னைத் தேற்றிக்கொண்டார்.

காம்பர் ஓடத் தொடங்கியதும் பின்னாலிருந்து எலோடியாவின் குரல் கேட்டது. அவளும் துசானியும் ஸ்பானியத்தையும் இத்தாலியனையும் கலந்தடித்துத்தான் கதைப்பார்கள். முன்னால் இருந்த செல்வராசாவுக்கு முக்கால்வாசி விளங்கியது. வயிற்றுக்கோளாறு பொய் என்று தெரிந்துவிட்டது; இனி உண்மையைச் சொல் என்கிறாள். துசானி களைத்த குரலில் முழுவதையும் சொன்னாள். எங்கள் வழக்கம் இது. சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாவிட்டால் இல்லை.

"ஆம்பிளைகளுக்கு மட்டும் உள்ள வழக்கமா?" என்று எலோடியா கேட்டாள்.

"இல்லை. ரண்டு பக்கத்துக்கும்தான்."

"நல்ல வழக்கம்," என்றாள் எலோடியா.

முன்னாலிருந்த செல்வராசாவுக்கு மனது குளிர்ந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தன்னுடைய கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் வென்ற மாதிரித்தான். ஆனால் அவருக்குள் இருந்த சமையற்காரருக்கு வெற்றி போதவில்லை.

"வியாழன் பின்னேரம் அவையை வீட்டை வரச்சொல்லு," என்றார் மகளிடம். "சாப்பாடு போடாமல் அனுப்பினான் செல்வராசா எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. சாப்பாடெண்டால் என்னெண்டு ஒருக்கால் கண்டுகொண்டு போகட்டும்."

"சம்பந்தம் வேண்டாம், விருந்து மட்டும் வேணுமோ?" என்றாள் அம்பிகை.

"போடுறவனுக்கு ஒரு கட்டும் இல்லை. தின்னுறவைக்குத்தான் கட்டு."

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்குப் போகிற எல்லாருக்கும் லீவு. சீசாவில் தமிழர் இருக்கிற கட்டடம் என்றால் அன்றைக்கு ஒரு கதவும் பூட்டியிராது. செல்வராசா வக்கீலிடம் காலைக்கும் லீவு வாங்கி, பல்லரோச் சந்தையில் உயிர் நண்டு பொறுக்கிக்கொண்டு வந்து, விடியத் தொடக்கம் குசினியை விட்டு வெளியே வரவில்லை. நண்டுக் குழம்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சொதி. மணம் படிக்கட்டால் இறங்கித் தெருவுக்குப் போனது. நண்டுக் குழம்பை நடுவிரலால் தொட்டு நாக்கில் வைத்து, கூரையைப் பார்த்து, "தின்னலாம்" என்று தனக்குத்தானே சொன்னார். அந்த நேரம் அவரைவிடச் சந்தோசமான ஒரு மனிதர் பலெர்மோவில் இருந்திருக்க முடியாது.

காம்பர் கீழே வந்து நின்றது. எலோடியா பூவேலைச் சட்டையும் புது நாடாவுமாக மாடியேறி வந்து, மேசையில் உட்கார்ந்தாள். செல்வராசா தானே சோறு போட்டு, நண்டின் பெரிய காலாகத் தெரிந்தெடுத்து வைத்து, குழம்பை ஊற்றி, கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எலோடியா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை எடுத்து, வயிற்றைத் தடவி, "ஜா மஞ்ஜாத்தோ" என்றாள்.

அவருடைய இத்தாலியன். அவருடைய தடவல். ஒரு குறைவும் இல்லை.

செல்வராசாவுக்கு முதலில் ஒன்றும் குற்றமாகப் படவில்லை. நல்லதுதானே, இரண்டு பக்கமும் முடிந்தது என்று ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் நண்டுக் காலிலிருந்து எழும்புகிற ஆவியைப் பார்த்தார். இதுவரை அவர் போட்ட சோற்றை வேண்டாம் என்று தள்ளிய மனிதப் பிறவி இல்லை. வக்கீலின் வீட்டுப் பூனைகூடத் தள்ளியதில்லை.

திறந்திருந்த கதவால் லூர்து தலையை நீட்டினார். மணத்துக்கு வந்தவர், வெங்காயம் கடன் கேட்கிற மாதிரி முகத்தை வைத்திருந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் மாறியது. மன்னாரிலும் அந்த வழக்கம் தெரியாததல்ல.

"என்ன அண்ணை," என்றார் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளையின்ரை தாய் கை வைக்கேல்லைப் போலை. பொம்பிளையைப் பிடிக்கேல்லையாமோ?"

செல்வராசாவுக்கு நெஞ்சில் யாரோ பலகையால் அடித்தது போலிருந்தது. இந்தப் பக்கத்தை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்று தள்ளுகிற உரிமை தனக்கு மட்டும் எழுதி வைத்தது என்று இருந்துவிட்டார். காம்பரில் அவர் கை நனைக்காதது ஐந்து பேருக்குத்தான் தெரியும். இது நடப்பது பெண் வீட்டில், கதவு திறந்த வியாழக்கிழமையில். செல்வராசாவின் மகளைப் பார்க்க வந்தவை கை நனைக்காமல் எழும்பிப் போச்சினம் என்று நாளைக்குக் கோயிலில் சனம் கதைக்கும், வேதக்காரரின் தேவாலயத்திலும் கதைக்கும். ஊரில் இப்படிக் கை நனையாத விருந்துக்குப் பிறகு எத்தனை பெண்களை அவரே வாய்க்குள் போட்டு மென்றிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

துசானி தண்ணீர்ச் செம்போடு நின்றவள், அதை மேசையில் வைத்துவிட்டு, மூடிகளை எடுத்து ஒவ்வொரு சட்டியாக மூடத் தொடங்கினாள். சத்தம் வராமல் மூடினாள்.

"மூடாதை பிள்ளை," என்றார் செல்வராசா. "ஒருக்கால் தொட்டுப் பாக்கச் சொல்லு அவாவை. நண்டு எண்டு சொல்லு."

"நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

"சிஞ்ஞோரா," என்றார் அவர். அடுத்த சொல் வர நேரம் எடுத்தது. அந்த மாதிரி ஒரு சொல்லை அவர் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. "கொஞ்சம் ருசி பாருங்கோ, சிஞ்ஞோரா."

எலோடியா நீளமாக ஏதோ சொன்னாள். துசானி கேட்டு, விழுங்கி, தமிழில் சொன்னாள். "உங்கடை வழக்கத்தைத்தான் தானும் செய்யிறாவாம். ஆளைப் பிடிச்சால்தானே கை நனைக்கலாம். தனக்கு இன்னும் பிடிக்கேல்லையாம்."

"ஆரை? உன்னையோ?"

"உங்களை."

அம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று லூர்து நினைத்தார். அவள் குலுங்கிய குலுக்கம் அழுகை மாதிரி இல்லை.

செல்வராசா மேசையைச் சுற்றி வந்து, மத்தேயோவுக்கு முன்னால் கையை நீட்டினார். "திறப்பைத் தா."

அவன் விளங்காமல் விழித்தான். "மாமா?"

"ஓம், மாமாதான். காம்பர்த் திறப்பைத் தா."

திறப்பை வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். லூர்து பின்னாலேயே இறங்கினார். இப்படி ஒன்றை விட்டுவிட்டு அவர் எங்கே போக? பல்கனிகளில் தலைகள் முளைத்தன. செல்வராசா காம்பரைத் திறந்து உள்ளே ஏறினார். அடுப்பின் மேல் துணி போட்டு மூடிய ஒரு பானை இருந்தது. எலோடியா மகனின் கராச் ஆட்களுக்கென்று காலையில் அவித்தது. வாழையிலையில் சதுரமாக மடித்துக் கட்டிய பொட்டலங்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தார். சோளமாக் களி, அதற்குள் கோழி, கோழிக்கு மேல் அந்தக் கருகல் குழம்பு. மாவை இலையில் கட்டி அவிக்கத் தெரிந்த சனத்துக்குக் கொழுக்கட்டை ஒன்று ஒழுங்காய்ப் பிடிக்கத் தெரியவில்லையே என்று வழக்கம் போலத் தொடங்கியது அவருடைய மனது. அதைத் தொடரவிடாமல் கை முந்திவிட்டது. ஐந்து விரலாலும் பிசைந்து, கக்கூசுக்கு இரண்டு அடி தள்ளி நின்று, வாயில் வைத்தார்.

கரிய குழம்பு மணிக்கட்டுவரை வழிந்தது.

"எப்பிடி அண்ணை?" என்றார் லூர்து கதவடியில் நின்று.

செல்வராசா காம்பரின் தாழ்ந்த கூரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, பல்லுக்குள்ளால் சொன்னார். "தின்னலாம். மேலை போய்ச் சொன்னியெண்டால் உன்னோடை கதையில்லை."

மேலே வந்து, கழுவாத கையை எலோடியாவின் முன்னால் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. எலோடியா அந்தக் கையைப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள், நகத்தையும் பார்த்தாள். சந்தைக்காரி, ஏமாறமாட்டாள். பிறகு துசானியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். துசானி மூடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாள். இந்தமுறை சத்தம் வந்தது.

எலோடியா சட்டைக் கையை மடித்துவிட்டு, ஆறிப்போன சோற்றை நண்டுக் குழம்போடு குழைத்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தலையை நிமிர்த்திச் சீசா வீட்டின் கூரையைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி நின்ற ஒருவரும் மூச்சு விடவில்லை. செல்வராசா எல்லாருக்கும் முதல் நிறுத்தியிருந்தார்.

அவள் மகனிடம் இரண்டே சொல்லில் எதையோ சொன்னாள். மத்தேயோ சிவந்துபோய்க் கோப்பையைப் பார்த்தான். துசானி, "அப்பா, அது வந்து..." என்று இழுத்தாள்.

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. இத்தாலியன் குசினிகளில் இவ்வளவு காலம் நின்ற மனிதருக்கு உப்பு என்ற சொல் எந்த உடுப்பில் வந்தாலும் தெரியும்.

"சரி, சரி," என்றார் செல்வராசா. உப்புப் பேணி எடுத்து வரக் குசினிக்குள் போனார்.